வலி போனது, கால் வரவில்லை

கடந்த டிசம்பர் கடைசியில் ஒரு மாலை, வாலிபால் ஆட்டத்தில் வலைக்கு மேல் வந்த பந்தைத் தடுப்பதற்காக எம்பிக் குதித்து இறங்கியபோது என் வலது கால் தரையைத் தொடவில்லை. வலைக்கு அடியில் எங்கள் பக்கமாக நீண்டிருந்த எதிரணித் தம்பியின் ஷூவைத் தொட்டது. பாதம் உட்புறமாக மடங்கியது, வெளிக்கணுவுக்குக் கீழே ஈரத்துணி கிழிவதுபோல் ஏதோ பிரிந்தது, நான் செம்மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். அந்தக் காலுடன் மறுபடி முறையான ஆட்டத்தில் இறங்க எனக்கு ஏறத்தாழ ஐந்து மாதங்கள் பிடித்தன. ஒரு சுளுக்குக்கு ஐந்து மாதமா என்று கேட்பவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன்: முதல் மூன்று வாரத்தில் நான் காட்டிய அவசரம்தான் மற்ற நான்கு மாதங்களையும் தின்றது.

எங்கள் ஊர் கோவில்பட்டிக்குப் பக்கத்தில், கரிசல் பூமியில் இருக்கிறது. கரிசல் கோடையில் பாளம் பாளமாக வெடித்துவிடும் என்பதால், வாலிபால் ஆடுவதற்கு மட்டும் வெளியிலிருந்து இரண்டு லோடு செம்மண் அடித்துப் பரப்பி, ஆட்டத்துக்கு முன் தண்ணீர் தெளித்து, ஓரக்கோடுகளுக்கு நைலான் நாடாவை ஆணி அடித்து இழுத்துக் கட்டியிருக்கிறோம். நடுக்கோட்டுக்கு நாடா கிடையாது. சுண்ணாம்புத் தூளில் போட்ட கோடு இரண்டு ஆட்டத்தில் அழிந்துவிடும், அதற்கு மேல் யாரும் அதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. சர்வதேச விதியின்படி வலைக்கு அடியில் காலை நீட்டலாம், ஆனால் பாதத்தின் ஏதேனும் ஒரு பகுதியாவது நடுக்கோட்டின் மீதோ அதற்கு நேர் மேலேயோ இருக்க வேண்டும். கோடே இல்லாத இடத்தில் இந்த விதியை யார் பார்ப்பது? வாலிபாலில் கணுக்கால் சுளுக்குகளில் பெரும்பாலானவை வலையருகில், அடுத்தவர் பாதத்தின் மீது இறங்குவதால்தான் வருகின்றன என்பதைப் பிறகு படித்தபோது, இத்தனை வருடங்களாக நாங்கள் காலைப் பணயம் வைத்து ஆடியிருக்கிறோம் என்று தோன்றியது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா புளியையும் கல்லுப்பையும் கரைத்துக் காய்ச்சி, பொறுக்கும் சூட்டில் பற்றுப் போட்டார். அது இதமாகத்தான் இருந்தது. கெடுதல் செய்தது அடுத்து வந்தவர். சுளுக்கு வழிப்பதில் ஊரில் பெயர் பெற்ற பெரியவர் ஒருவர், நல்லெண்ணெயைக் கணுவில் ஊற்றிக் கட்டைவிரலால் அழுத்தி உருவினார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு சகித்தேன். கழுத்துப் பிடிப்புக்கும் இடுப்புப் பிடிப்புக்கும் அவர் கை உண்மையிலேயே நல்ல கை, அதை நானே அனுபவித்திருக்கிறேன். ஆனால் கழுத்தில் பிடித்துக்கொண்டிருப்பது இறுகிய தசை. கணுவில் நடந்திருப்பது எலும்பையும் எலும்பையும் சேர்த்துக் கட்டும் ஜவ்வு கிழிந்தது. இரண்டையும் நாம் சுளுக்கு என்ற ஒரே சொல்லால் அழைப்பதால் வைத்தியமும் ஒன்றே என்று எண்ணிவிடுகிறோம். கிழிந்து ரத்தம் கசிந்துகொண்டிருக்கும் இடத்தை முதல் நாளிலேயே அழுத்தி உருவினால் வீக்கம் ஏறாமல் என்ன செய்யும்? காலையில் எழுந்து பார்த்தபோது வெளிக்கணு இருந்த இடமே தெரியவில்லை, குதிகாலுக்குக் கீழே கத்தரிக்காய் நிறத்தில் ரத்தம் கட்டியிருந்தது.

மறுநாள் போன இடத்தில் என் காலை யாரும் தொட்டே பார்க்காமல் எக்ஸ்ரேவுக்கு அனுப்பினார்கள். எலும்பு முறிவு இல்லை என்று வந்தது. நல்ல செய்திதான், ஆனால் காலைத் தொட்டுப் பார்த்திருந்தாலே பெரும்பாலும் தெரிந்திருக்கும். கனடாவின் ஒட்டாவா நகரத்து மருத்துவர்கள் 1990-களின் தொடக்கத்தில் இதற்கென்றே எளிய விதி ஒன்றை வகுத்தார்கள். வெளிக்கணு, உட்கணு இரண்டின் பின்விளிம்பிலும் நுனியிலும், நடுப்பாதத்தில் குறிப்பிட்ட இரண்டு எலும்புகளிலும் அழுத்தும்போது வலி இருக்கிறதா, அடிபட்டவுடனும் மருத்துவரிடம் வந்தபோதும் நான்கு அடியாவது எடுத்து வைக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். எலும்பை அழுத்தி வலியும் இல்லை, நொண்டியாவது நான்கு அடி நடக்கவும் முடிகிறது என்றால் முறிவு இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. நான் நொண்டிக்கொண்டே பைக் வரை நடந்திருந்தேன், வலி எலும்பின் மேல் அல்ல, அதற்கு முன்னால் கீழே இருந்த மெத்தென்ற குழிவில்தான் இருந்தது. எக்ஸ்ரே எடுத்ததில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. படத்தைப் பார்த்துவிட்டு, "எலும்புக்கு ஒண்ணும் இல்ல, ரெஸ்ட் எடுங்க" என்று ஒரு கிரேப் பேண்டேஜைக் கொடுத்து அனுப்பியதில்தான் வருத்தம். ஆட்டத்துக்குத் திரும்ப நினைப்பவனுக்கு ரெஸ்ட் என்பது பாதி வாக்கியம். எத்தனை நாள், அதன்பின் என்ன என்ற மீதியை யாரும் சொல்லவில்லை, கேட்க எனக்கும் தோன்றவில்லை.

ஓய்வு, ஐஸ், இறுக்கக் கட்டு, காலை உயர்த்தி வைத்தல் என்ற நான்கையும் ஒரே சூத்திரமாக 1978-இல் பரப்பியவர் கேப் மிர்கின் என்ற அமெரிக்க மருத்துவர். அவரே 2014-இல், ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று தம் கருத்தை மாற்றிக்கொண்டார். வீக்கம் என்பது உடல் தன்னைப் பழுதுபார்க்கும் வேலையின் ஒரு பகுதி என்பதும், முதல் சில நாட்களுக்குப் பிறகு வலி தாங்கும் அளவுக்குக் காலை அசைத்து எடை ஏற்றுவதுதான் புதிய நார்களைச் சரியான திசையில் உறுதிப்படுத்தும் என்பதும் இன்று பெரும்பாலும் ஒப்புக்கொள்ளப்பட்ட கருத்துகள். நானோ பத்து நாள் காலைத் தலையணை மேல் வைத்தபடி, கைபேசியில் பழைய ஆட்டங்களைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

பதினைந்தாம் நாள் வாக்கில் வீக்கம் வடிந்தது. இருபதாம் நாள் மாடிப்படி ஏறி இறங்கினேன், வலி இல்லை. காணும் பொங்கலன்று ஊரில் நடக்கும் ஆட்டத்துக்குப் பையன்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். "கால் சரியாயிருச்சா அண்ணாச்சி?" என்று ஒருவன் கேட்டான். "அதெல்லாம் எப்பவோ சரியாயிருச்சுப்பா" என்று சொல்லி ஷூவை மாட்டினேன். இப்படிச் சொன்னபோது நான் பொய் சொல்லவில்லை. வலி இல்லாவிட்டால் கால் சரியாகிவிட்டது என்றுதான் நானும் நம்பினேன், எங்கள் ஊரில் எல்லோரும் நம்புகிறார்கள்.

இரண்டாவது செட்டின் நடுவில் மறுபடி மடங்கியது. இந்த முறை யாருடைய காலின் மீதும் நான் இறங்கவில்லை. பின்வரிசையில் ஒரு பந்தை எடுக்கப் பக்கவாட்டில் ஓரடி வைத்தேன், அவ்வளவுதான். சமமான தரையில், பக்கத்தில் யாருமே இல்லாதபோது, கால் தானாகவே சரிந்தது. முதல் சுளுக்கில் எனக்கு வந்தது வலி. இரண்டாவதில் வந்தது பயம்.

அதன்பிறகுதான் கோவில்பட்டியில் ஒரு பிசியோதெரபிஸ்ட்டைப் பார்க்கப் போனேன். என் தங்கை மகள் வயதுதான் இருக்கும். எக்ஸ்ரே உறையை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, முதலில் சுவருக்கு எதிரே நிற்கச் சொன்னார். குதிகால் தரையை விட்டு எழாமல் முழங்கால் சுவரைத் தொட வேண்டும். எவ்வளவு தூரம் பின்னால் தள்ளி நின்று தொட முடிகிறது என்பதுதான் அளவு. இடது காலில் பெருவிரலுக்கும் சுவருக்கும் இடையே 11 சென்டிமீட்டர் வந்தது, வலது காலில் 5. பிறகு ஒற்றைக் காலில் நின்று கண்ணை மூடச் சொன்னார். இடது காலில் இருபது விநாடிக்கு மேல் நின்றேன். வலது காலில் நான்காவது விநாடியே ஆடி விழப்போய் மேசையைப் பிடித்துக்கொண்டேன். இருபத்தைந்து வருடம் குதித்து ஆடிய கால் அது. "வலி இல்லேன்னுதான சார் ஆடினீங்க? வலி போயிருக்கு. கால் இன்னும் வரல" என்றார்.

அவர் விளக்கியதையும் பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன். கெண்டைக்காலின் இரண்டு எலும்புகளும் கீழே கவ்விபோல் சேர்ந்து, பாதத்தின் மேல் எலும்பைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அந்த மேல் எலும்பு முன்பக்கம் அகலமாகவும் பின்பக்கம் குறுகலாகவும் இருக்கும். பாதம் தட்டையாக இருக்கும்போது அகலமான பகுதி கவ்விக்குள் இறுகிக்கொள்கிறது. விரல்கள் கீழ்நோக்கி நீளும்போது குறுகலான பகுதி கவ்விக்குள் வந்து மூட்டு தளர்ந்துபோகிறது. குதித்து இறங்குகிறவன் விரல் நுனியில்தானே இறங்குகிறான்! ஆக, எலும்பின் பிடி மிகக் குறைவாக இருக்கும் அந்த நொடியில் பாதத்தை உட்புறம் சாயாமல் காப்பது வெளிப்புறத்தில் உள்ள மூன்று ஜவ்வுகளும், கெண்டைக்காலின் வெளிப்பக்கத் தசைகளும் மட்டுமே. மூன்று ஜவ்வுகளில் முன்னால் இருப்பதுதான் நலிந்தது, பெரும்பாலும் முதலில் கிழிவதும் அதுதான்.

ஜவ்வு வெறும் கயிறாக மட்டும் இருந்திருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். ஆனால் பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பதை ஒவ்வொரு கணமும் மூளைக்குச் சொல்லும் நரம்பு முனைகளும் அதற்குள்தான் இருக்கின்றன. ஜவ்வு கிழியும்போது இவையும் சேதப்படுகின்றன. அதனால்தான் சுளுக்கு ஆறிய பிறகும் கால் அடிக்கடி தானாக மடங்குகிறது என்ற கருத்தை 1965-இல் மைக்கேல் ஃப்ரீமன் என்ற ஆங்கிலேய எலும்பு மருத்துவர் முன்வைத்தார். சமநிலைப் பயிற்சியால் இதைச் சீராக்க முடியும் என்பதையும் அவரே காட்டினார். பாதம் மடங்கத் தொடங்கிய பிறகு தசை விழித்துக்கொண்டு இழுத்துப் பிடிக்க நேரம் போதாது, ஏனென்றால் சுளுக்கு அதற்குள் நடந்து முடிந்துவிடும். தரையைத் தொடுவதற்கு முன்பே, காற்றில் இருக்கும்போதே, தசை இறுகித் தயாராக இருந்தாக வேண்டும். அந்தத் தயார்நிலையைத்தான் என் வலது கால் மறந்திருந்தது. வலி போவதற்கும் இந்த ஞாபகம் திரும்புவதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

பயிற்சிகள் என்னவோ பார்வைக்குச் சிறுபிள்ளைத்தனமானவைதான். முதல் வாரத்தில் நாற்காலியில் உட்கார்ந்து பெருவிரலால் காற்றில் ஆங்கில எழுத்துகளை எழுதச் சொன்னார் பிசியோதெரபிஸ்ட். நான் தமிழில் எழுதினேன். கணுக்காலை எல்லாத் திசையிலும் சுழற்ற வேண்டும் என்பதுதான் நோக்கம் என்றால் நம் எழுத்துக்கு ஈடு கிடையாது. "இ" எழுதி முடிப்பதற்குள் கெண்டைக்கால் வலித்துவிடும், "ஞ" எழுதும் நாளில் கால் குணமாகிவிட்டது என்றே வைத்துக்கொள்ளலாம். அடுத்து, ரப்பர் பட்டைக்குப் பதிலாகப் பழைய சைக்கிள் டியூப் ஒன்றை வெட்டிக் கட்டில் காலில் கட்டி, அதற்குள் பாதத்தை நுழைத்து வெளிப்புறமாக இழுத்துப் பழகினேன். வெளிப்பக்கத் தசைகளுக்கு இதைவிட நல்ல வேலை இல்லை. மெதுவாக இழுப்பதைவிட, இழுத்த காலை மெதுவாகத் திரும்ப விடுவதுதான் முக்கியம் என்று அவர் இரண்டு முறை சொன்னதை இங்கே நானும் சொல்லி வைக்கிறேன். படிக்கட்டின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி ஒற்றைக் காலில் எழும்பி இறங்குவது மூன்றாவது. தொடக்கத்தில் எட்டுக்கு மேல் முடியவில்லை, இடது காலோ அலட்டிக்கொள்ளாமல் இருபத்தைந்து போனது.

சமநிலைக்கென்று தனி நேரம் ஒதுக்கவில்லை. பல் துலக்கும்போது வலது காலில் நின்றேன். அது எளிதானதும் கண்ணை மூடிக்கொண்டு, அதன்பிறகு மடித்த போர்வையின் மேல், அதன்பிறகு போர்வை மேல் நின்றபடி மகன் எறியும் பந்தைப் பிடித்துத் திருப்பிப் போட்டு என்று ஒவ்வொன்றாகக் கூட்டினோம். கண்ணை மூடி நிற்கும்போது பாதத்துக்குள் நடப்பதைக் கவனித்தால் வேடிக்கையாக இருக்கும். பெருவிரல் மண்ணைத் தேடுவதுபோல் அழுத்தும், சுண்டுவிரல் பக்கம் லேசாக எழும், உடனே குதிகால் இழுத்துப் பிடிக்கும், கணுவின் இரண்டு பக்கமும் தசைநார்கள் மாறி மாறிப் புடைக்கும். உடம்பு அசையாமல் நிற்பதாக நினைத்துக்கொண்டிருக்கும் முப்பது விநாடியும் கீழே ஓயாமல் ஒரு பேச்சுவார்த்தை நடந்துகொண்டேயிருக்கும். முதலில் என் வலது பாதம் இதில் கலந்துகொள்ளவே இல்லை. மரக்கட்டைபோல் நின்றது, சாய்ந்தால் ஒரேயடியாகச் சாய்ந்தது.

முழங்காலைச் சுவரில் தொடும் அளவை வாரந்தோறும் ஞாயிற்றுக்கிழமை எடுத்து, கூடத்துத் தரையில் பென்சிலால் கோடு போட்டு வந்தேன். அதே சுவரில்தான் மகனின் உயரத்தை ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் குறித்து வைத்திருக்கிறோம். "அவன் கோடு மேல போகுது, உங்க கோடு பின்னால போகுது" என்றாள் மனைவி. 5 சென்டிமீட்டர் 7 ஆக இரண்டு வாரம் ஆனது, 7 என்பது 10 ஆக ஐந்து வாரம் பிடித்தது. 11 வந்த ஞாயிறன்று அந்தக் கோட்டின் பக்கத்தில் தேதியும் போட்டேன்.

குதிக்கத் தொடங்கியது ஒன்பதாவது வாரத்தில். ஒற்றைக் காலில் நின்று முன்னால் தாவி அதே காலில் இறங்கி அசையாமல் நிற்க வேண்டும், அந்தத் தூரம் நல்ல காலின் தூரத்தில் பத்தில் ஒன்பது பங்காவது இருக்க வேண்டும் என்பது அவர் வைத்த நிபந்தனை. தூரத்தைவிட அசையாமல் நிற்பதைத்தான் அவர் கவனித்தார். அதன்பின் பக்கவாட்டில் தாவுதல், எட்டு வடிவத்தில் ஓடுதல், ஓடும்போது திடீரென்று நின்று திரும்புதல். இவற்றுக்கெல்லாம் பிறகுதான் மைதானம். முதல் வாரம் சர்வீஸ் மட்டும், அடுத்த வாரம் பந்தைக் கையில் வாங்கிக் கொடுப்பது, அதற்கடுத்த வாரம் எதிர்ப்பக்கம் யாரும் இல்லாத வலையில் இருபது குதிப்பு. மறுநாள் காலையில் வீக்கமோ இறுக்கமோ இல்லாவிட்டால் மட்டும் எண்ணிக்கையைக் கூட்டலாம். முப்பதிலிருந்து ஐம்பதுக்குத் தாவிய நாளின் மறுநாள் கணு கொஞ்சம் உப்பியிருந்தது. ஒரு வாரம் பின்வாங்கினேன். மாலையில் எப்படி இருக்கிறது என்பதைவிட மறுநாள் காலையில் கட்டிலிலிருந்து இறங்கும் முதல் பத்து அடி எப்படி இருக்கிறது என்பதே நம்பத்தக்க கணக்கு.

இதற்கிடையில் நான் எதிர்பாராதது ஒன்று: கால் தேறிய பிறகும் நான் தேறவில்லை. எல்லா அளவுகளும் சரியாக வந்த பின்னும், வலையருகே குதித்து இறங்கும்போது என் கண் பந்தை விட்டுவிட்டுத் தரையைப் பார்த்தது. இடது காலிலேயே எடை முழுவதையும் போட்டு இறங்கிப் பழகியிருந்ததை மகன் எடுத்த வீடியோவில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அப்படியே ஆடியிருந்தால் அடுத்து இடது முழங்கால் போயிருக்கும். இதற்கு மருந்து எதுவும் இல்லை, ஆட்கள் நெருக்கமாக நிற்கும் இடத்தில் திரும்பத் திரும்பக் குதிப்பதைத் தவிர.

கயிறு கட்டும் வகைக் கணுக்கால் உறை ஒன்று வாங்கினேன். முதலில் வாங்கியிருந்த சாக்ஸ் போன்ற உறை சூடாக இருந்ததே தவிர பாதத்தைத் தடுக்கவில்லை. டேப் சுற்றினால் நன்றாகப் பிடிக்கும், ஆனால் எங்கள் ஊர் வேர்வைக்கு அரைமணி நேரத்தில் தளர்ந்துவிடும். ஏற்கெனவே சுளுக்கியவர்களுக்கு இந்த உறை மறுசுளுக்கைக் கணிசமாகக் குறைக்கிறது என்பதில் ஆய்வாளர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. அணிந்தால் கால் பலவீனமாகிவிடும் என்று மைதானத்தில் சொல்பவர்கள் யாரும் தங்கள் பலத்தை ஒற்றைக் காலில் கண்மூடி நின்று எனக்குக் காட்டியதில்லை.

1990-களில் நார்வே நாட்டு வாலிபால் அணிகளுக்கு ரோல்டு பார் என்ற மருத்துவரும் அவருடன் இருந்தவர்களும் சமநிலைப் பலகைப் பயிற்சி கொடுத்ததோடு, பந்தை அடிக்க ஓடிவந்து எம்பும் முறையையும் வலையருகில் பந்தைத் தடுத்து இறங்கும் முறையையும் மாற்றிக் கற்றுக்கொடுத்தார்கள். சுளுக்குகள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. இதைப் படித்த அன்று மாலையே கடையில் நைலான் நாடா வாங்கி, வலைக்கு நேர் கீழே நடுக்கோடு கட்டினேன். பையன்கள் சிரித்தார்கள், ஆனால் பிடுங்கவில்லை.

மே மாதக் கடைசியில் பக்கத்து ஊரில் நடந்த மின்னொளிக் கைப்பந்துப் போட்டியில் இறங்கினேன். முதல் செட்டில் 14-க்கு 14 இருக்கும்போது எங்கள் செட்டர் பந்தை வலையை ஒட்டி எனக்குத் தூக்கினான். முன்பெல்லாம் நான் கண்ணை மூடிக்கொண்டு எம்பும் பந்து அது. அப்படிப்பட்ட பந்தை அடித்தால் இறங்குவது எதிரணியின் பக்கத்தில்தான். எம்பவில்லை. தரையில் நின்றபடியே கையால் தள்ளி விட்டேன், அவர்கள் எளிதாக எடுத்து அடித்துப் புள்ளியைக் கொண்டுபோனார்கள். "அண்ணாச்சி!" என்று செட்டர் இரண்டு கையையும் விரித்தான். வலையிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போடும்படி கையால் அளந்து காட்டினேன். முறைத்துக்கொண்டே போனவன், அடுத்த பந்தைத் தள்ளிப் போட்டான்.